மூன்றாவது ஓலை வரைக்கும்

சுருளிப்பட்டி
11-8-2024

அன்புத் தங்கை ரோஸ்லினுக்கு அக்கா செலின் எழுதுவது.

நான், உன் அத்தான், கிளாரா மூவரும் ஆண்டவர் புண்ணியத்தில் எழுந்து நடமாடுகிறோம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? முழந்தாள் போட்டுப் போட்டே அதைக் கெடுத்துக்கொண்டாய். அடைபட்ட மடத்துக்குப் போனவளிடம் இதைச் சொல்லி என்ன பயன். ஊரே கையில் போனை வைத்துக்கொண்டு அலைகிறது. எனக்கு மட்டும் கூடப்பிறந்தவளிடம் பேச மாதத்துக்கு ஒரு கடிதம். மதர் இப்போதெல்லாம் பிரித்துப் பார்ப்பதில்லை என்று நீ எழுதியதால் கொஞ்சம் தைரியமாக எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. ஜெயமங்கலத்திலிருந்து கிளாராவைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் பெயர் வினோத்ராஜ். பெரியகுளத்தில் மாம்பழக் கிட்டங்கியில் சூப்பர்வைசர். அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். குனிந்த தலை நிமிராத பையன். கிளாராவுக்குப் பிடித்துவிட்டது என்பது அவள் காபி டம்ளரை வைத்த விதத்திலேயே தெரிந்தது. பையனின் அம்மா சந்தனமேரி அதிகம் பேசாத மனுஷி, பேசுவதெல்லாம் கண்தான். கிளாராவின் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். மாட்டுக்குப் பல் பார்ப்பதைப் போல இருந்தது எனக்கு. உன் அத்தானிடம் சொன்னால், "கையப் பாத்தா என்ன தேஞ்சா போயிரும்?" என்கிறார். எஸ்டேட்டுக்கு ஜீப் ஓட்டுகிறவருக்கு மேடு பள்ளம் ரோட்டில் மட்டும்தான் தெரியும்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். என் வலது முழங்கைக்குக் கீழே ஒரு தேமல் விழுந்திருக்கிறது. போன வருடம் பொட்டு அளவு இருந்தது, இப்போது உள்ளங்கை அளவு. திராட்சைக்கு அடிக்கிற மருந்து பட்டதாக இருக்கும். கம்பத்தில் மருந்துக் கடையில் கேட்டு ஒரு ட்யூப் வாங்கிப் போடுகிறேன். அரிப்பு இல்லை, ஒன்றும் இல்லை. உங்கள் மடத்தில் நோயாளிகளைப் பார்க்கிறவள் நீ என்பதால் எழுதுகிறேன். நல்ல களிம்பு இருந்தால் பெயர் எழுது. அந்த அம்மாள் அடுத்த தடவை என் கையைப் பிடித்துப் பார்த்துவிடக்கூடாது.

மதருக்கு என் வணக்கம். எங்களுக்காக வேண்டிக்கொள்.

உன் அக்கா,
செலின்


இயேசு மரி சூசை

கும்பகோணம்
2-9-2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். என் முழங்கால் இருக்கிறபடி இருக்கிறது. கிளாராவுக்காகத் தினமும் ஒரு பத்துமணி ஜெபமாலை சொல்கிறேன். அத்தானையும் விசாரித்ததாகச் சொல்.

அந்தத் தேமலைப் பற்றி. தேமல் என்றால் நகத்தால் கீறினால் மாவு போல உதிரும். படர்தாமரையாக இருந்தால் ஓரம் வளையமாகத் தடித்திருக்கும், அரிப்பு ஒரு நிமிடம் சும்மா இருக்க விடாது. வெண்புள்ளி பால் வெள்ளையாக இருக்கும், அந்த இடத்து முடியும் நரைத்துப்போகும். நீ எழுதியதில் இது எதுவும் இல்லை. அரிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. இங்கே நோயாளி அறையில் இருக்கும் வயதான சகோதரி தெரேசம்மாள் முன்பு நர்சாக வேலை பார்த்தவர். அவரிடம் யாருக்கென்று சொல்லாமல் கேட்டேன். "அந்த எடத்துல வேர்க்குதா? தொட்டா தெரியுதா?" என்று கேட்டார்.

அக்கா, கண்ணை மூடிக்கொண்டு யாரையாவது பஞ்சால் அங்கே தொடச் சொல். தெரியவில்லை என்றால் ஒரு நாள்கூடத் தள்ளாதே. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போ. மருந்துக் கடை ட்யூபை இன்றோடு நிறுத்து. அது மேலே ஆற்றுவதுபோலக் காட்டி உள்ளே இருப்பதை மறைத்துவிடும்.

உடனே பதில் போடு.

உன் தங்கை,
ரோஸ்லின்


சுருளிப்பட்டி
25-9-2024

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் சுகம். உன் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறேன்.

பஞ்சுக்கு நான் யாரைக் கூப்பிட? கிளாராவைக் கூப்பிட்டால் ஏன் என்பாள். தோட்டத்தில் ராக்கம்மாளைக் கூப்பிட்டால் சாயங்காலத்துக்குள் கூடலூர் வரைக்கும் தெரிந்துவிடும். நானே திராட்சைப் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து, சேப்டி பின்னை எடுத்து அந்த இடத்தில் குத்திப் பார்த்தேன். ரத்தம் வந்தது. வலி வரவில்லை. பிறகு கவாத்து வெட்டப் போய்விட்டேன்.

நீ என்ன நினைக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். பெரிய வியாதி என்று நம் அம்மா குரலைத் தாழ்த்திச் சொல்வாளே, அது. ஆனால் நீ எழுதவில்லை, நானும் எழுதவில்லை. அப்படியே இருக்கட்டும்.

மேலத்தெரு லூர்தம்மாளை உனக்கு நினைவிருக்கும். மூன்று ஞாயிறு கோயிலில் வாசிக்கிற கல்யாண ஓலையில் அவளுக்கு இரண்டு வாசித்தாகிவிட்டது. 'இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் அறிவிக்கக் கடவார்கள்' என்று சாமியார் வாசித்துவிட்டு இறங்கினார். அந்த வாரமே யாரோ போய் அவளுடைய சித்தப்பாவுக்கு அந்த வியாதி என்று மாப்பிள்ளை வீட்டில் ஊதிவிட்டார்கள். மூன்றாவது ஓலை வாசிக்கவே இல்லை. இன்றைக்கும் அவள் பீடத்துக்குப் பூக்கட்டிக்கொண்டு தனியாகத்தான் இருக்கிறாள். என் பிள்ளைக்கு அது வரக்கூடாது.

ஈஸ்டர் முடிந்து கல்யாணம் என்று பேசியிருக்கிறோம். அதற்கு முன்னால் சாமியார் எங்களைக் கூப்பிட்டு விசாரிப்பார். மறைக்கிறதாக ஏதும் உண்டா என்று கேட்டால் நான் பொய் சொல்ல மாட்டேன். உனக்கு என்னைத் தெரியும். ஆனால் டாக்டர் பெயர் சொல்லாத வரைக்கும் எனக்கு என்ன தெரியும்? கையில் ஒரு தேமல் இருக்கிறது, அவ்வளவுதான் தெரியும். தெரியாததைச் சொல்லாமல் இருந்தால் பாவம் இல்லை. அதனால் மூன்றாவது ஓலை வாசித்துக் கல்யாணம் முடிகிற வரைக்கும் எந்த ஆஸ்பத்திரிக்கும் போவதாக இல்லை. நீயும் அந்தப் பெயரைக் கடிதத்தில் எழுதிவிடாதே. எழுதினால் எனக்குத் தெரிந்ததாக ஆகிவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

செலின்


இயேசு மரி சூசை

கும்பகோணம்
20-10-2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் பிள்ளையும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து எனக்குக் கோபம் தணியவில்லை. அதனால் நீ எழுதாதே என்றதை எழுதுகிறேன். தொழுநோய். இதோ எழுதிவிட்டேன். வானம் இடிந்து விழவில்லை.

நம் அம்மா காலத்து வியாதி இல்லை இது. மாத்திரை இருக்கிறது, இலவசமாகத் தருகிறார்கள். உனக்கு ஆறு மாதமா ஒரு வருடமா என்று டாக்டர் பார்த்துச் சொல்வார். மாத்திரை தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அடுத்தவருக்குத் தொற்றுவது நின்றுபோகும். சிறுநீர் சிவப்பாகப் போகும், தோல் சற்றுக் கறுக்கும், பயப்பட வேண்டியதில்லை. யாரையும் ஊரை விட்டு அனுப்புவதில்லை.

ஓலை விஷயத்தில் நீ நினைப்பது தவறு. சாமியார் கேட்பது வேறு கல்யாணம் உண்டா, நெருங்கிய ரத்த உறவா, கட்டாயப்படுத்துகிறார்களா என்பதைத்தான். பெண்ணின் அம்மாவுக்குத் தோல் வியாதி என்பது திருச்சபைச் சட்டத்தில் எங்கேயும் தடை இல்லை. நீயாக ஒரு சட்டம் எழுதிக்கொண்டு நீயாக அதற்குக் கட்டுப்படுகிறாய்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள். முழங்கையின் உள்பக்கம் நரம்பு வலித்தாலோ, தேமல் திடீரென்று சிவந்து தடித்தாலோ, சுண்டுவிரல் பலம் குறைந்தாலோ அன்றைக்கே போக வேண்டும். அதற்குத் தனியாக மாத்திரை உண்டு. தாமதித்தால் கை போய்விடும் என்கிறார் தெரேசம்மாள். அவர் அப்படிப் போன கைகளுக்குக் கட்டுப் போட்டவர்.

நீ கோபித்துக்கொண்டாலும் சரி, போ.

ரோஸ்லின்


சுருளிப்பட்டி
24-11-2024

தங்கை ரோஸ்லினுக்கு,

சுகம். உன் சுகம் எழுதவும்.

போன கடிதத்தை இரண்டாவது பத்தி வரைக்கும்தான் படித்தேன். அதோடு அடுப்பில் போட்டுவிட்டேன். உன் கடிதம் எதையும் இப்போது வீட்டில் வைப்பதில்லை, கிளாரா எடுத்துப் படிக்கிற வயது.

நிச்சயதார்த்தம் நல்லபடியாக முடிந்தது. மே மாதம் பதினாலாம் தேதி கல்யாணம். கிளாராவுக்கு மயில்கழுத்து நிறத்தில் சேலை எடுத்து வந்தார்கள், நல்ல எடுப்பு. சந்தனமேரி மதினி எனக்கும் ஒரு சேலை வைத்துக் கொடுத்தார்கள். தட்டை நான் இடது கையையும் சேர்த்துப் பிடித்து வாங்கினேன். வலது கை கொஞ்ச நாளாக அசதியாக இருக்கிறது, கவாத்துக் கத்திரியைப் பிடித்துப் பிடித்து.

போன வாரம் வீடு வீடாக வந்து தோலைப் பார்க்கிற பெண்கள் இரண்டு பேர் நம் தெருவுக்கும் வந்தார்கள். "உணர்ச்சி இல்லாத தேமல் யாருக்கும் இருக்காக்கா?" என்று கேட்டார்கள். தோட்டத்துக்குப் போகிற அவசரம்போல உன் அத்தானுடைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றேன். இல்லை என்றேன். கிளாராவையும் வெளியே கூப்பிடவில்லை. சுவரில் சாக்பீஸால் குறி போட்டுவிட்டுப் போனார்கள். பாவம், வெயிலில் அலைகிற பிள்ளைகள். மோர் கொடுத்தேன்.

திருவருகைக் காலம் தொடங்கினால் உங்களுக்குக் கடிதம் தர மாட்டார்களே, அதனால் கிறிஸ்துமஸ் வாழ்த்து இப்போதே.

செலின்


இயேசு மரி சூசை

கும்பகோணம்
26-12-2024

அன்புள்ள அக்காவுக்கு,

குழந்தை இயேசு உங்கள் வீட்டில் பிறக்கட்டும். அத்தானுக்கும் கிளாராவுக்கும் வாழ்த்துச் சொல். எனக்கு இந்தப் பண்டிகை பண்டிகையாக இல்லை.

அந்தப் பெண்களுக்கு மோர் கொடுத்தாய், கையைக் கொடுக்கவில்லை. கவாத்துக் கத்திரி இருபது வருடமாக நீ பிடிப்பதுதான். அசதி கத்திரியால் வந்தது இல்லை.

நீ எரித்த பக்கத்தில் இருந்ததைத் திரும்ப எழுதுகிறேன். முழங்கை உள்பக்கம் வலித்தால், தேமல் சிவந்தால், விரல் மடங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்த ஒரு வரியைப் படி.

ஜனவரிக்குள் நீ போகவில்லை என்றால் அத்தானுக்கு எழுதிவிடுவேன். சாம்பல் புதன் வந்துவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் எங்களுக்குக் கடிதம் வாங்கவும் போடவும் அனுமதி இல்லை. வந்த கடிதங்களை மதர் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். சாவுச் செய்தி மட்டும்தான் சொல்வார்கள். அந்த நாற்பது நாளை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

ரோஸ்லின்


சுருளிப்பட்டி
19-1-2025

தங்கை ரோஸ்லினுக்கு,

எல்லோரும் சுகம். நீ சுகமாக இரு.

உன் அத்தானுக்கு எழுதினால் அன்றோடு எனக்குத் தங்கை இல்லை. இதை விளையாட்டுக்கு எழுதவில்லை. மனுஷருக்கு மனதில் ஒன்றை வைத்துக்கொள்ளத் தெரியாது. ஜீப்பில் ஏறுகிற பொம்பளைகளிடம் சொல்லாமல் வண்டி கியர் விழாது. சொன்ன மறுநாள் அந்த ஜீப்பில் யார் ஏறுவார்கள்? அதைவிட, கம்பம்மெட்டு ஏறி இறங்குவதற்குள் செய்தி ஜெயமங்கலம் போய்விடும்.

உனக்குப் பிள்ளை இல்லை, ரோஸ்லின். சொல்லக்கூடாததுதான், சொல்லிவிட்டேன். கிளாரா இப்போது சும்மா சும்மா சிரிக்கிறாள். பாத்திரம் கழுவும்போது பாடுகிறாள். என் கையைக் கொடுத்து அதை வாங்க வேண்டும் என்றால் வாங்கிவிட்டுப் போகிறேன்.

உனக்காக ஒரு வாக்குத் தருகிறேன். கல்யாணம் முடிந்த திங்கட்கிழமை நானே போய்க் காட்டிவிடுவேன். நீ வாயைத் திறக்காமல் இருந்தால்.

செலின்


இயேசு மரி சூசை

கும்பகோணம்
3-3-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

நாளை மறுநாள் சாம்பல் புதன். அத்தானுக்கு ஒரு கடிதம் எழுதி ஒரு மாதம் வைத்திருந்தேன். நேற்றுக் கிழித்துவிட்டேன். உனக்குப் பிள்ளை இல்லை என்று எழுதினாய். அது வலித்தது. வலித்ததால் கிழித்தேனா, நீ சொல்வதில் நியாயம் இருப்பதால் கிழித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. திங்கட்கிழமை என்று சொல்லியிருக்கிறாய். அதைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன்.

கையைச் சூட்டுக்குக் கிட்டே கொண்டுபோகாதே. துணி சுற்றிக்கொண்டு சட்டியை இறக்கு. தினமும் சாயங்காலம் விரல்களைக் கண்ணால் பார், காயம் பட்டால் உனக்குத் தெரியாது.

ஈஸ்டருக்குப் பிறகு எழுதுகிறேன்.

ரோஸ்லின்


சுருளிப்பட்டி
23-3-2025

தங்கைக்கு,

நீ சுகமா? என் எழுத்து கோணல் மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். பேனா நிற்க மாட்டேன் என்கிறது.

பத்து நாளாகக் காய்ச்சல். தேமல் எல்லாம் சிவந்து தடித்துச் சுட்ட அப்பளம் மாதிரி எழும்பியிருக்கிறது. முழங்கையிலிருந்து சுண்டுவிரல் வரைக்கும் கம்பியைக் காய்ச்சி உள்ளே விட்டது போல வலி. தோட்டத்துக்குப் போகவில்லை. உன் அத்தான் சுளுக்கு என்று சொல்லி, கம்பத்தில் சுளுக்கெடுக்கிற தங்கப்பாண்டியிடம் கூட்டிப்போனார். அவர் எண்ணெய் போட்டு நீவி இழுத்தார். நான் போட்ட சத்தத்தில் வெளியே நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மூன்று தடவை போய் வந்தாகிவிட்டது. வலி குறைந்திருக்கிறது. ஆனால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்ளே மடங்கிக்கொண்டன. நிமிர்த்தினால் நிமிர்கின்றன, விட்டால் மடங்குகின்றன.

அன்றைக்கே போ என்று எழுதியிருந்தாய். போனால் டாக்டர் பெயரைச் சொல்லிவிடுவார். சாமியார் விசாரணை ஈஸ்டர் முடிந்த வாரம். இன்னும் கொஞ்ச நாள்தான், அதுவரைக்கும் தாங்குகிற மாதிரி வீட்டிலேயே செய்ய ஏதாவது இருந்தால் அந்த வயதான சிஸ்டரிடம் கேட்டு எழுது. சீக்கிரம் எழுது, ரோஸ்லின். எனக்குப் பயமாக இருக்கிறது.

தவக்காலம் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. இருந்தாலும் தபாலில் போடுகிறேன்.

செலின்


இயேசு மரி சூசை

கும்பகோணம்
21-4-2025, ஈஸ்டர் திங்கள்

அக்கா,

சுகம் கேட்க எனக்கு வாய் இல்லை.

நேற்றுப் பூசை முடிந்து மதர் பெட்டியைத் திறந்து கடிதங்களைக் கொடுத்தார்கள். உன் கடிதம் ஏறக்குறைய ஒரு மாதம் நான் படுக்கிற அறைக்குக் கீழே பூட்டிக் கிடந்திருக்கிறது. நான் மதரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர்கள் ஆபீஸ் போனை என் கையில் கொடுத்தார்கள். கிளாராதான் எடுத்தாள். "அம்மா, யாரோ ஒங்களக் கேக்குறாக" என்றாள். வளர்ந்த பிறகு அவள் குரலை நான் கேட்டதே இல்லை. பிறகு நீ வந்தாய். "அக்கா, ரோஸ்லின் பேசுறேன்" என்றேன். நீ மூச்சு விடுவது கேட்டது. "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டாய். பதினெட்டு வருடம் கழித்து உன் குரலில் நான் கேட்டது அந்த ஒரு சொல்தான். திரும்பப் போட்டால் போன் அணைந்திருந்தது.

வீட்டிலேயே செய்ய ஒன்றும் இல்லை. எண்ணெய் இல்லை, நீவுவது இல்லை. நரம்பின் வீக்கத்தை இறக்க மாத்திரை மட்டும்தான். அதுவும் நாள் போகப் போகக் கேட்காது. இன்றைக்கே போ.

அத்தான் பெயருக்குத் தனியாக ஒரு கடிதம் இதோடு சேர்த்துப் போடுகிறேன். நீ எழுதாதே என்றதை மீறுகிறேன். நீ எனக்கு அக்காவாக இல்லாவிட்டாலும் கையோடு இரு.

ரோஸ்லின்


ஜெயமங்கலம்
28-5-2025

அன்புத் தங்கை ரோஸ்லினுக்கு அக்கா செலின் சொல்லச் சொல்ல எழுதுவது.

உன் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். எழுத்தைப் பார்த்துப் பயப்படாதே, உயிரோடுதான் இருக்கிறேன். என் கை கட்டுப் போட்டிருக்கிறது. எழுதுகிறவர்கள் யார் என்று கடைசியில் சொல்கிறேன்.

உன் அத்தான் பெயருக்கு வந்த கடிதத்தையும் தபால்காரரிடம் நான்தான் வாங்கினேன். பிரிக்காமலே அடுப்பில் போட்டேன். அதற்கு என்னை நீ மன்னிக்க வேண்டாம்.

ஓலை மூன்றும் வாசித்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. சாமியார் விசாரணையில் வேறு கல்யாணம் உண்டா, சொந்தமா என்றுதான் கேட்டார். வியாதியைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. வெளியே வந்து மாதா கெபி முன்னால் உட்கார்ந்து அழுதேன். அப்போதாவது ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். கல்யாணத்துக்கு அதிரசம் சுட வேண்டியிருந்தது, போகவில்லை. சட்டியண்டை நிற்கும்போது கருகின வாடை வந்தது. அதிரசம் தீய்ந்துவிட்டதோ என்று பார்த்தால் என் சுண்டுவிரல்.

கல்யாணத்தன்று விரல்களை மறைக்கக் கையில் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டேன். பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள். கிளாரா அவ்வளவு அழகாக இருந்தாள். பந்தி முடிந்து பெண்ணை அனுப்புகிற நேரம் சந்தனமேரி மதினி என் பக்கம் வந்து, பேசிக்கொண்டே ஜெபமாலையை அவிழ்த்தார்கள். புண்ணில் சீழ் வைத்திருந்தது. மடங்கின விரலை ஒரு தடவை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, "மதினி, இது எத்தன மாசமா இருக்கு?" என்றார்கள். பெண் எங்கள் ஜீப்பிலேயே திரும்பிவிடும் என்று நினைத்தேன். கோயிலுக்குப் பின்னால் சாமான் வைக்கிற அறைக்கு என்னைக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்கள். முழங்கை உள்பக்கம் விரலால் தடவி அந்த நரம்பை அமுக்கினார்கள். நான் துடித்துவிட்டேன்.

"எனக்கும் இந்த எடந்தான் மதினி. வினோத்து கைக்கொழந்தையா இருந்தான். ஒரு வருசம் மாத்திர தின்னேன், நல்லாப் போச்சு. எங்க வீட்டுக்காரருக்கு மட்டுந்தான் தெரியும், அவுகளும் போயிட்டாக. அங்கன எங்க கோயில்ல ஓலை வாசிச்ச மூணு ஞாயித்துக் கெழமையும் நான் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தேன்."

"இத ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா பொண்ணு குடுத்திருப்பீகளா?" என்றார்கள்.

கொடுத்திருக்க மாட்டேன், ரோஸ்லின். பெண் பார்த்துவிட்டுப் போன அன்றைக்கே ஏதாவது சாக்குச் சொல்லி விட்டிருப்பேன்.

திங்கட்கிழமை அவர்கள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு வருடத்துக்கு மாத்திரை. நரம்புக்குத் தனி மாத்திரை. புண் எலும்பு வரைக்கும் போய்விட்டதால் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். மோதிரவிரல் நிமிருமா என்று கேட்டேன். "வலி வந்தன்னைக்கே வந்திருந்தா தைரியமாச் சொல்லியிருப்பேன்மா" என்றார் டாக்டர். உன் அத்தானிடம் சொல்லிவிட்டேன். அவர் சத்தம் போடவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் சாப்பாட்டை எனக்கு ஊட்டிவிட்டார். கிளாராவிடமும் சொல்லியாகிவிட்டது. கட்டுப் பிரிக்கிற வரைக்கும் ஜெயமங்கலத்தில் சம்பந்தி வீட்டில் இருக்கிறேன். இதை எழுதுகிறவர்கள் அவர்கள்தான்.

நீ எனக்குத் தங்கைதான். எழுது.

செலின்

சிஸ்டர் அவர்களுக்கு, சந்தனமேரி எழுதிக்கொள்வது. தாங்கள் சுகமாக இருக்க வேண்டுகிறேன். மேலே இருப்பதைச் செலின் மதினிக்குப் படித்துக் காட்டிவிட்டேன். இனிமேல் எழுதுவது அவர்களுக்குத் தெரியாது.

ஒரே வீட்டில் இருந்தவர்களையும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மதினியின் வீட்டுக்காரர் அமல்ராஜ் அண்ணனுக்கு ஒன்றும் இல்லை. முந்தாநாள் கிளாரா தலைக்குக் குளித்துவிட்டு வந்தபோது நான் பார்த்தேன். முதுகில், ரவிக்கை மறைக்கிற இடத்தில் இரண்டு தேமல்கள் இருக்கின்றன. பஞ்சால் தொட்டேன். ஒன்றில் தெரிகிறது, இன்னொன்றில் தெரியவில்லை என்றாள். அன்று சாயங்காலமே என் மகனிடம் சொல்லிவிட்டேன், என் கதையையும் சேர்த்து. "காலையில போயிருவோம்மா" என்றான். நேற்றுப் போய் வந்தோம். மாத்திரை தொடங்கியாகிவிட்டது. அவள் கையும் காலும் நன்றாக இருக்கின்றன, கெட்டுப்போகாது என்று டாக்டர் உறுதியாகச் சொன்னார். என் மருமகளை நான் பார்த்துக்கொள்வேன்.

ஆனால் மதினி தினமும், "எம் பிள்ளைக்கு ஒண்ணுமில்லைல்ல?" என்று கேட்கிறார்கள். இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். கிளாராவும் அப்படியே சொல்கிறாள். இந்த வீட்டில் இன்னொரு தடவை எதையும் மறைக்க எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் அந்தக் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டு சொல்ல வாய் வரவில்லை. நீங்கள் கூடப்பிறந்தவர்கள். நீங்கள் எழுதி அனுப்புங்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுகிறேன்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
சந்தனமேரி